கடல் எத்தனை அடி ஏறும்? கணக்கை ஊர்ச் சுவரில் ஒட்டு!

   

ஐப்பசி, கார்த்திகை பிறந்தால் நமக்கு வருஷா வருஷம் ஒரே செய்திதான். "புயல் சின்னம் உருவாகியிருக்கிறது, தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்" என்று வேனில் மைக் கட்டிச் சொல்லுவார்கள். நாமும் பாயைச் சுருட்டிக்கொண்டு, ஆட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவோம். புயல் போனதும் திரும்பி வருவோம். உயிர் தப்பியது, சரி. நிலம்? கதிர் தள்ளி நிற்கிற சம்பாப் பயிர்? போர் தண்ணீர்? இதையெல்லாம் எந்தப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைப்பது?

புயல் வரும்போது கடல் எவ்வளவு ஏறும், எந்த ஊர் வரைக்கும் உள்ளே வரும் என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்க்க முடியும். அந்தக் கணக்கு நம் நாட்டிலேயே இருக்கிறது. நம் வரிப்பணத்தில்தான் நடக்கிறது. "ஓடு" என்று நம்மை விரட்டுவதற்கு அந்தக் கணக்கு உதவுகிறது. ஆனால் "இந்த இடத்தில் மண்ணைக் கொட்டாதே, இந்தக் கழிமுகத்தை அடைக்காதே" என்று பெரிய திட்டக்காரர்களைத் தடுக்க மட்டும் அந்தக் கணக்கு உதவுவதில்லை! ஏன்? இதைத்தான் இந்தத் துண்டறிக்கையில் கேட்கிறோம்.

கடலேற்றம் என்றால் என்ன?

புயல் காற்று கடல் நீரைக் கரையைப் பார்த்துத் தள்ளுகிறது. புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைவதால் நீர்மட்டம் உயருகிறது. அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஒரு சென்டிமீட்டர் எழும்பும். இரண்டும் சேர்ந்து ஒரே தண்ணீர்ச் சுவராக உள்ளே வருவதுதான் கடலேற்றம். அதே நேரத்தில் ஓதம் ஏறியிருந்தால் அதுவும் சேரும். அதற்கு மேல் அலை அடிக்கும்.

நம் கரை கிழக்கு பார்த்த கரை. கிழக்கிலிருந்து வரும் புயல் கரையைக் கடக்கும்போது அதன் வடக்குப் பக்கம்தான் காற்று கடலிலிருந்து நிலத்துக்கு அடிக்கும். புயல் சென்னைக்கு நேராகவோ கொஞ்சம் தெற்கிலோ கரை கடந்தால், எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரைக்கும் உள்ள நாம்தான் அந்த வடக்குப் பக்கத்தில் நிற்கிறோம். டிவியில் "புயல் சென்னைக்குத் தெற்கே போயிட்டது" என்று சொன்னதும் நிம்மதியாகப் படுத்துவிடக் கூடாது!

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் கரை கடந்தது. சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டத்துத் தாழ்வான பகுதிகளில் வழக்கமான ஓதத்துக்கு மேல் சுமார் ஒரு மீட்டர் கடல் ஏறலாம் என்று வானிலைத் துறை அப்போது எச்சரித்தது. ஒரு மீட்டர்தானே என்று மாடி வீட்டுக்காரர் சொல்லலாம். நம்ம வரப்பு எத்தனை அடி? ஒரு முழம் தாண்டாது. உப்பங்கழியை ஒட்டிய வயலில் இடுப்பளவு கடல் தண்ணீர் ஏறினால் அந்தப் போகம் போயிற்று. அடுத்த போகமும் போயிற்று.

கணக்கு பொய்யில்லை தோழர்களே!

நம்மில் சில பேர், "கம்ப்யூட்டராவது மண்ணாவது, எங்க தாத்தாவுக்கு மேகத்தைப் பார்த்தாலே தெரியும்" என்று சொல்லுகிறார்கள். அது வேண்டாம். பெரியவர்கள் அனுபவம் பெரிது. ஆனால் இந்தக் கணக்கையும் நாம் கைவிடக் கூடாது. அதைக் கைவிட்டால் திட்டம் போடுகிறவன் கையில்தான் அது இருக்கும்.

கணக்கு உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு ஒடிசாவே சாட்சி. 1999 அக்டோபர் 29 அன்று அங்கே வந்த பெரும்புயலில் எரசமா பகுதிக் கிராமங்களுக்குள் கடல் புகுந்தது. மாநிலத்தில் சுமார் 10,000 பேர் செத்துப் போனார்கள். அதே ஒடிசாவில் 2013 அக்டோபர் 12 அன்று பைலின் புயல் கோபால்பூரில் கரை கடந்தது. முன்கூட்டியே கணக்குப் பார்த்து சுமார் 10 லட்சம் பேரை அப்புறப்படுத்தினார்கள். சாவு சில பத்துகளோடு நின்றது. டெல்லி ஐ.ஐ.டி.யில் உருவான கடலேற்ற மாடலை வானிலைத் துறை பயன்படுத்துகிறது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் 'அட்சர்க்' என்ற மாடலைப் பயன்படுத்துகிறது. அமெரிக்காவில் 'ஸ்லாஷ்' என்ற மாடல் பல ஆண்டுகளாக இருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்கு என்று மழை, ஆறு, கடல் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் 'சி-ஃப்ளோஸ்' என்ற முறையையும் உருவாக்கியிருக்கிறார்கள். ஆக, "எங்களுக்குத் தெரியாது, இயற்கை செய்த வேலை" என்று இனி யாரும் கையை விரிக்க முடியாது!

தராசு சரி, எடைக்கல் யாருடையது?

நெல் கொள்முதலில் நமக்கு அனுபவம் உண்டு. தராசு நல்ல தராசாகவே இருக்கும். எடைக்கல்லில்தான் ஏமாற்று நடக்கும். கம்ப்யூட்டர் மாடலும் அப்படித்தான். உள்ளே என்ன போடுகிறார்களோ அதைத்தான் வெளியே தரும். கடலின் ஆழம், தரையின் உயரம், கரையின் வடிவம், முகத்துவாரத்தின் அகலம், காடு இருக்கிறதா மொட்டையா, காற்றின் வேகம், புயல் வரும் பாதை எல்லாவற்றையும் அதில் போட வேண்டும்.

தரையின் உயரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். உலகம் முழுக்கப் பலரும் பயன்படுத்தும் உயரக் கணக்கு ஒன்று 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க விண்கலம் வானத்திலிருந்து அளந்தது. மரத்தின் உச்சியையும் வீட்டுக் கூரையையும் தரை என்று எடுத்துக்கொள்ளும் குறை அதற்கு உண்டு. கடலோரத்தில் தரையை உண்மையைவிட ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் உயரமாகக் காட்டுகிறது என்று 2019-ல் விஞ்ஞானிகளே எழுதினார்கள். கடல் ஏறுவது ஒரு மீட்டர், கணக்கில் தப்பு இரண்டு மீட்டர் என்றால் என்ன ஆகும்? முழுகுகிற வயலை மேட்டு நிலம் என்று காட்டிவிடும்! அதனால்தான் கேட்கிறோம். எங்கள் வயலின் உயரத்தை எங்கிருந்து எடுத்தீர்கள்? வானத்திலிருந்தா, வரப்பில் கருவியை வைத்தா?

காட்டுப்பள்ளியில் என்ன நடக்கிறது?

நம் காட்டுப்பள்ளி ஒரு மணல் திட்டு. கிழக்கே வங்கக் கடல். மேற்கே கொசஸ்தலையாற்றின் உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும். இந்த மணல் திட்டுதான் மேற்கே உள்ள வயல்களுக்கும் ஏரிகளுக்கும் கடலுக்கும் நடுவில் நிற்கும் கரை. அணை கட்டிக் கொடுத்தவர் யாருமில்லை. இயற்கை போட்டுக் கொடுத்த கரை.

2001-ல் எண்ணூர் துறைமுகம் வந்தது. அதை ஒட்டிக் காட்டுப்பள்ளியில் எல் அண்டு டி கட்டிய துறைமுகம் 2012-13ல் வந்தது. 2018-ல் அது அதானி நிறுவனத்தின் கைக்குப் போனது. பிறகு வந்ததுதான் விரிவாக்கத் திட்டம். 330 ஏக்கராக இருக்கும் துறைமுகத்தை 6,111 ஏக்கராக்குவது, அதில் சுமார் 2,000 ஏக்கரைக் கடலுக்குள் மண் கொட்டி உண்டாக்குவது, ஆண்டுக்கு சுமார் 2.5 கோடி டன் சரக்கை 32 கோடி டன் ஆக்குவது, மொத்தச் செலவு 53,031 கோடி ரூபாய். இதற்கான மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22 என்று அறிவித்தார்கள், தள்ளிப்போட்டார்கள். 2023 செப்டம்பர் 5 என்று அறிவித்தார்கள், அதையும் தள்ளிப்போட்டார்கள். மீனவர்களும் விவசாயிகளும் சேர்ந்து எதிர்த்து நின்றதை நாடே பார்த்தது.

தள்ளிப்போனது என்றால் செத்துப்போனது என்று அர்த்தமில்லை. அது அதே உருவத்தில் வந்தாலும், சுருங்கி வந்தாலும், துண்டு துண்டாக வந்தாலும் நம் கேள்வி ஒன்றுதான். கடலில் ஆயிரக்கணக்கான ஏக்கர் மேடாக்கி, உப்பங்கழி ஓரத்துத் தாழ்வான நிலத்தையும் மேடாக்கினால், புயலில் ஏறிவரும் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? தண்ணீருக்கு வழி மாறினால் யார் வயலில் நிற்கும்? ஏறும் என்று நாம் குருட்டாம்போக்கில் சொல்லவில்லை. சில இடத்தில் ஏறலாம், சில இடத்தில் குறையவும் செய்யலாம். ஊர் ஊராக, சர்வே நம்பர் வாரியாகக் கணக்குப் போட்டுச் சொல் என்கிறோம். 53,031 கோடிக்குத் திட்டம் போடத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்குப் போடத் தெரியாதா?

இன்னொன்றும் இருக்கிறது. நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகருகிறது. நடுவில் கல்லைக் கொட்டித் தடுத்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு ராயபுரமும் திருவொற்றியூரும் கடலுக்குக் கொடுத்த தெருக்களைக் கேட்டுப் பாருங்கள். காட்டுப்பள்ளிக்கு வடக்கே பழவேற்காடு வரைக்கும் உள்ள மணல் திட்டு அதே மாதிரி மெலிந்தால், கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் என்ன மிச்சம் இருக்கும்? இன்றைக்கு உள்ள கரையை வைத்து மட்டும் கணக்குப் போட்டால் போதாது. கரைந்த கரையை வைத்தும் போட வேண்டும். நம் இந்தியப் பெருங்கடலின் வடபகுதி ஆண்டுக்கு சுமார் 3.3 மில்லிமீட்டர் உயர்ந்து வருவதாக மத்திய அரசின் புவி அறிவியல் துறையே 2020-ல் சொல்லியிருக்கிறது. அந்த ஏற்றத்தையும் சேர்க்க வேண்டும்.

ஆறும் கடலும் சேர்ந்து வந்தால்?

புயல் வந்தால் மழையும் வரும். பூண்டி ஏரி நிரம்பி கொசஸ்தலையாற்றில் தண்ணீர் திறப்பார்கள். அந்தத் தண்ணீர் எண்ணூர் முகத்துவாரம் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். அதே நேரத்தில் கடல் ஏறி நின்றால் ஆறு எங்கே போகும்? எதிர்த்துக்கொண்டு நம் பக்கம்தான் திரும்பும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகில் கடலில் நின்றுகொண்டு மழையைக் கொட்டியபோது இதைக் கண்ணால் பார்த்தோம். அந்த வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து எண்ணூர் கழிமுகம் முழுக்கப் படிந்தது.

கழிமுகத்தின் நிலைமை என்ன? அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் போய்விட்டது. அலையாத்திக் காடு அழிந்தது. கடலேற்றத்துக்குத் தனிக் கணக்கு, ஆற்று வெள்ளத்துக்குத் தனிக் கணக்கு என்று பிரித்துப் பிரித்துப் போட்டால் இரண்டுமே "பாதிப்பு குறைவு" என்று காட்டும். இரண்டும் ஒரே ராத்திரியில் வந்தால் என்ன என்பதுதான் நம் வாழ்க்கைப் பிரச்சினை.

உப்பு எந்தக் கணக்கில் வரும்?

கடலேற்ற வரைபடத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் என்று நிறம் போட்டுக் காட்டுவார்கள். எத்தனை பேரை வெளியேற்றணும் என்று பார்க்க அது போதும். விவசாயிக்கு அது போதாது. தண்ணீர் வடிந்து போகும், உப்பு போகுமா?

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் வயலில் கடல் தண்ணீர் ஏறியது. மழைத் தண்ணீரைக் கட்டி உப்பைக் கழுவி, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, படாத பாடு பட்டுத்தான் அந்த மண்ணை மீட்டார்கள். வங்கத்தின் சுந்தரவனத்தில் 2009 மே 25 அன்று அய்லா புயல் அடித்தது. கரையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்த கடல், அதே கரையால் வெளியே போக வழியில்லாமல் நின்றது. நெல் விளைந்த நிலத்தில் நெல் விளையவில்லை. ஆம்பிளைகள் ஊரை விட்டுக் கூலிக்குப் போனார்கள். புயல் ஒருநாள், உப்பு பல வருஷம்!

நமக்கோ நிலத்துக்கு அடியில் ஏற்கெனவே உப்பு. சென்னைக்குக் குடிதண்ணீர் என்று மீஞ்சூர் பக்கம் ராட்சதக் கிணறு போட்டு உறிஞ்சினார்கள். 1969-லேயே கடல்நீர் நிலத்தடிக்குள் நுழைந்தது தெரிந்துவிட்டது. இப்போது பத்து கிலோமீட்டருக்கு மேல் உள்ளே வந்து நிற்கிறது. நல்ல தண்ணீரை எடுத்து முடித்துவிட்டு, 2010-ல் இதே காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வைத்தார்கள். அடியிலும் உப்பு, மேலேயும் உப்பு என்றால் சொர்ணவாரி ஏது, சம்பா ஏது, நவரை ஏது?

கோடு போட்டார்கள், அதைச் செல்லாக் கோடாக்கினார்கள்!

2011-ல் மத்திய அரசு கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை வெளியிட்டது. அதில் 'அபாயக் கோடு' என்று ஒன்று சொன்னார்கள். கடல் எதுவரை வரும், கரை எவ்வளவு கரையும், கடல்மட்டம் எவ்வளவு உயரும் என்று பார்த்து நாடு முழுக்க ஒரு கோடு போட வேண்டும். இந்திய நில அளவைத் துறை அந்தக் கோட்டைப் போட்டது. நல்ல காரியம். ஆனால் 2019 ஜனவரி 18 அன்று வந்த புதிய அறிவிக்கையில் என்ன செய்தார்கள்? அந்தக் கோடு பேரிடர் மேலாண்மைத் திட்டத்துக்கு ஒரு கருவி, அவ்வளவுதான் என்று ஆக்கிவிட்டார்கள். எங்கே கட்டலாம், எங்கே கட்டக் கூடாது என்பதற்கும் அந்தக் கோட்டுக்கும் சம்பந்தம் இல்லாமல் செய்துவிட்டார்கள்.

இதன் அர்த்தம் என்ன? "இந்த இடத்தில் கடல் வரும்" என்று அரசுக்குத் தெரியும். வந்தால் மக்களை ஓடச் சொல்லும். ஆனால் அங்கே கோடிக்கணக்கில் கட்டடம் கட்ட வருபவரை மட்டும் தடுக்காது. குடிசைக்காரனுக்கு அபாயக் கோடு, கோடீஸ்வரனுக்கு அனுமதிக் கோடா?

அமெரிக்காவில் நடந்த கதை

பணக்கார நாட்டிலேயே இந்தப் பாடம் எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். நியூ ஆர்லியன்ஸ் என்ற துறைமுக நகரம். கப்பல் சீக்கிரம் வர வேண்டும் என்று சதுப்பு நிலத்தை வெட்டி சுமார் 120 கிலோமீட்டருக்கு ஒரு கால்வாயை 1960-களில் தோண்டி முடித்தார்கள். அதன் வழியாக உப்பு ஏறி, சதுப்புக் காடு பட்டுப் போனது.

2004 ஜூலையில் அதிகாரிகள் எல்லாரும் கூடி, 'பாம்' என்று கற்பனைப் புயலுக்குப் பெயர் வைத்து, கம்ப்யூட்டரில் ஒத்திகை பார்த்தார்கள். கரையைத் தாண்டித் தண்ணீர் நகரத்துக்குள் வரும் என்று கணக்குச் சொன்னது. அடுத்த வருஷம், 2005 ஆகஸ்டில் நிஜப் புயல் கத்ரீனா வந்தது. கரைகள் உடைந்து நகரம் முழுகியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செத்தவர்களில் ஏழைகளும் வயதானவர்களும் அதிகம்.

மக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். கால்வாயைச் சரியாகப் பராமரிக்காதது அரசின் பொறியாளர் படையின் அலட்சியம் என்று 2009-ல் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் 2012-ல் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. முன்னால் கேட்காமல் விட்டால் பின்னால் கோர்ட்டில் கிடைப்பது இவ்வளவுதான். கால்வாயை 2009-ல் கல்லைக் கொட்டி மூடினார்கள். கடலைத் தடுக்க நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் பெருஞ்சுவர் கட்டினார்கள். அந்தச் சுவர் எவ்வளவு உயரம் வேண்டும் என்று பார்த்ததும் கம்ப்யூட்டர் மாடலில்தான்! செத்த பிறகு பார்த்த கணக்கை முன்னாலேயே மதித்திருந்தால்?

நம் ஊரில் முன்னாலேயே பார்க்கச் சொல்லுகிறோம். இது தப்பா?

எங்கள் கோரிக்கைகள்

1. காட்டுப்பள்ளி விரிவாக்கம் இல்லாமல் ஒரு கணக்கு, விரிவாக்கத்தோடு ஒரு கணக்கு என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டு! கடலேற்றம், உச்ச ஓதம், கொசஸ்தலையாற்று வெள்ளம் மூன்றும் ஒரே நேரத்தில் வருவதாகப் போடு! கரைந்த கரையையும் உயரும் கடலையும் சேர்த்துப் போடு!

2. கணக்கைத் திட்டக்காரர் கூலி கொடுத்து அமர்த்தும் கம்பெனி போடக் கூடாது. அரசு ஆராய்ச்சி நிறுவனம் போட வேண்டும். வேறு விஞ்ஞானிகள் சரிபார்க்கும்படி மூலக் கணக்கையும் வெளியிட வேண்டும்.

3. மீஞ்சூர், அத்திப்பட்டு, வயலூர், காட்டூர், தத்தமஞ்சி, பழவேற்காடு வரையிலான நிலத்தின் உயரத்தை விவசாயிகளை வைத்துக்கொண்டு தரையில் அளந்து கணக்கில் சேர்!

4. தண்ணீர் எத்தனை அடி என்பதோடு எத்தனை நாள் நிற்கும், உப்பு எவ்வளவு ஏறும் என்பதையும் சொல்!

5. சுற்றுச்சூழல் அறிக்கையின் சுருக்கத்தை மட்டும் தமிழில் தருவது போதாது. முழு அறிக்கையும் வரைபடமும் தமிழில் ஒவ்வொரு பஞ்சாயத்துச் சுவரிலும் ஒட்டப்பட்ட பிறகே கருத்துக்கேட்பு!

6. அபாயக் கோட்டைக் கட்டுமான அனுமதியோடு சேர்! 2019 அறிவிக்கையைத் திருத்து!

7. கடல்நீர் ஏறிய நிலத்துக்கு ஒரு போகத்துச் சேதம் மட்டும் பார்க்காமல், மண் மீளும்வரை ஒவ்வொரு போகத்துக்கும் நிவாரணம் கொடு! விவசாயத் தொழிலாளிக்கும் இழந்த கூலியைக் கொடு!

8. எண்ணூர் கழிமுகத்தில் படிந்த சாம்பலை அகற்று! அலையாத்தியை மீண்டும் வளர்! ஒடிசாவின் கேந்திரபாடாவில் 1999 புயலின்போது அலையாத்திக் காடு அகலமாக இருந்த கிராமங்களில் சாவு குறைவு என்று ஆராய்ச்சியே காட்டியிருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கை வைத்துவிட்டுச் சும்மா இருந்தால் காகிதம்தான் மிஞ்சும். கிராமசபையில் இந்தக் கோரிக்கைகளை அப்படியே தீர்மானமாக நிறைவேற்றுங்கள். தலைவர் தயங்கினால் ஊரே எழுந்து நின்று கேளுங்கள். நம் ஊருக்கான கடலேற்ற வரைபடம் எது, அதில் எந்த உயரக் கணக்கு போடப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நம் இளைஞர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கோயில் சுவரிலும் மின்கம்பத்திலும் மதகிலும் பெயின்டால் கோடு போடுங்கள், தேதியை எழுதுங்கள். அமெரிக்காவில் புயல் முடிந்ததும் அரசாங்கமே இப்படிக் கோடு தேடி அளந்து, கம்ப்யூட்டர் கணக்கு சரியா என்று சோதிக்கிறது. அந்தக் கோடு நமக்குச் சாட்சி. போர் தண்ணீரை ஒவ்வொரு பருவமும் உப்புச் சோதனை செய்து சீட்டைப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு "பாதிப்பு இல்லை" என்று யாராவது அறிக்கை வாசித்தால், நம் கையிலும் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

மீனவரும் விவசாயியும் தனித்தனி என்று பிரிக்கப் பார்ப்பார்கள். கடல் ஏறினால் முதல் அடி குப்பத்துக்கு, இரண்டாவது அடி வயலுக்கு. இதில் உனக்கு எனக்கு என்று என்ன இருக்கிறது?

நாங்கள் விஞ்ஞானத்துக்கு எதிரி இல்லை. வேலைவாய்ப்புக்கும் எதிரி இல்லை. கணக்கை மறைப்பதற்குத்தான் எதிரி. பதில் வராதவரை காட்டுப்பள்ளியில் ஒரு கூடை மண்ணும் கொட்டக் கூடாது!

மத்திய அரசே! மாநில அரசே!
கடலேற்றக் கணக்கைத் தமிழில் வெளியிடு!
அபாயக் கோட்டுக்குச் சட்ட பலம் கொடு!
கொசஸ்தலையாற்றின் வழியை அடைக்காதே!

விவசாயிகளே! மீனவர்களே! அணிதிரள்வீர்! கிராமசபைக்குத் திரண்டு வாரீர்!

இவண்,
விவசாயிகள் சங்கத்தின் கடலோரக் கிராமக் கிளைகள்